வெளிநாட்டு வண்டியில் ஒரு குறை

அப்பா கடைசியில் "சரி, வர்றேன்" என்று சொன்னதும், டைல்ஸ்காரனின் மனைவி போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இரண்டு வருடமாகக் கெஞ்சியவள் அவள். மனுஷன் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, மூன்று மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்தார். குழாய் நிற்காமல் ஓடுகிறதே என்று கீழ் வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்து ஆட்களைக் கூப்பிட்ட பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே இவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். அப்பா இனி நம்மோடு இருப்பார் என்றதும் முகமே தெளிந்துவிட்டது.

டைல்ஸ்காரனுக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. ஒரு நிமிடம் மட்டும். அடுத்த நிமிடம் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற வண்டி கண்ணில் பட்டது.

வெள்ளைப் பிக்கப். வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வெளிநாட்டுக் கம்பெனி.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு மாமனாரைத் தெரியாது என்று அர்த்தம். உள்நாட்டுப் பிக்கப் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். அதில் இருபத்திரண்டு வருடம் கடைசிப் பரிசோதனையில். வண்டி தயாராகி வெளியே போகும் முன் அதைச் சுற்றி வந்து, தட்டி, தடவி, குறை இருக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது அவர் வேலை. கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் "நாம இந்த வருஷம் பம்பரை மாத்திட்டோம்" என்றுதான் பேசுவார், ஏதோ இவரைக் கேட்டுத்தான் மாற்றினார்கள் என்பதுபோல. ஒருமுறை கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நின்றவரை ஏற்றிக்கொள்ளத் தெரிந்தவர் ஒருவர் காரை நிறுத்தினார். மாமனார் காரின் முகப்பில் வேறு கம்பெனிச் சின்னத்தைப் பார்த்தார். "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுத் தொப்பலாக நனைந்துகொண்டே போனார்.

டைல்ஸ்காரன் ஒன்றும் துரோகி அல்ல. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் ஓட்டிய மூன்று வண்டிகளும் மாமனார் கம்பெனிதான். கடைசி வண்டி நாற்பது பெட்டி டைல்ஸோடு நாற்சந்தியில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. அதே கியர்பாக்ஸ், மூன்றாவது தடவை. சுற்றி நின்று ஹாரன் அடித்தவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அன்று முடிவெடுத்துவிட்டான். மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான்.

"வாடகை வண்டியில கூட்டிட்டு வந்துடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"வந்த பிறகு? இத போர்வை போட்டு மூடி வெப்பீங்களா? மறைச்சோம்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே திரும்பிப் போயிடுவார். ஒரு தடவ திரும்பிட்டார்னா அப்புறம் யார் சொன்னாலும் வரமாட்டார். இதுலயே போங்க. நேரா சொல்லுங்க."

"நேரா சொன்னா ஏறுவாரா?"

அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். "அவருக்கு எதுலயாவது ஒரு தப்பு கெடைச்சா போதும், சாப்பாடுகூட வேண்டாம். இந்த வீட்டப் பாக்க வந்தப்ப என்ன பண்ணார், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

நன்றாக ஞாபகம் இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர், சமையலறைக் கதவு அரை விரல் கோணல் என்று கண்டுபிடித்ததும் குளிர்ந்துபோய், அன்று முழுக்க எல்லோரிடமும் சிரித்துப் பேசி, வீடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் டைல்ஸ்காரனின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அவன் மூளை டைல்ஸ் விஷயத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும். மற்றதில் இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வண்டியை ஓரம் கட்டினான். ஸ்குரூ டிரைவரை எடுத்தான். பின்பக்கத்து இடது விளக்கின் திருகு ஒன்றை மூன்று சுற்று தளர்த்தினான். விரலால் அசைத்துப் பார்த்தான். விளக்கு லேசாக ஆடியது. ஒரு குறை தயார். கிழவருக்கு அது கிடைத்தால் கோபம் இறங்கிவிடும், ஏறிவிடுவார். இப்படி ஒரு கணக்குப் போட்டு, புத்தம் புது வண்டியைத் தானே கெடுத்துக்கொண்டு, திருப்தியாகக் கிளம்பினான்.

மாமனார் கீழே இறங்கி வாசலில் நின்றிருந்தார். சலவைச் சட்டை, கையில் ஊன்றுகோல், பக்கத்தில் கயிறு கட்டிய ஏழு பெட்டிகள். வண்டி வந்து நின்றது. அவர் அவனைப் பார்க்கவில்லை, முகப்பில் இருந்த சின்னத்தைத்தான் பார்த்தார்.

"இது யாரு வண்டி?"

"நம்மளுதுதான் மாமா." "பன்னெண்டு நாளாச்சு. பழசுல கியர்பாக்ஸ் மறுபடியும் போயிடுச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன்..."

மாமனார் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊன்றுகோலை அவன் கையில் கொடுத்தார், சட்டைப் பையில் கையை விட்டார், ஒரு சாக்பீஸ் வெளியே வந்தது. வீடு மாறுகிற அன்றும் சாக்பீஸோடு நிற்கிற மனிதர்.

பரிசோதனை ஆரம்பித்தது. ஓட்டுநர் கதவை நான்கு முறை திறந்து மூடினார், கண்ணை மூடிக்கொண்டு. கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். பெயின்டைப் பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கினார். கீழ் வீட்டம்மா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, உட்காராமல் நகர்ந்தார். அரை மணி நேரம் ஆனது. ஒரு வட்டம்கூட விழவில்லை. முகம் இறுகிக்கொண்டே போனது. பின்னாடி போங்க மாமா, பின்னாடி போங்க என்று டைல்ஸ்காரன் மனதுக்குள் மன்றாடினான்.

பின்னால் போனார். இடது விளக்கில் கை வைத்தார். விளக்கு ஆடியது.

மாமனார் முகம் மலர்ந்தது. சாக்பீஸ் ஒரு சுற்று சுற்றியது, அழகான வட்டம். டைல்ஸ்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டிகளை ஏற்றலாம் என்று குனிந்தான்.

"மாப்ள, இங்க வாங்க."

மாமனார் மூக்கு விளக்கில் இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தார்.

"ஃபேக்டரில இந்தத் திருக மெஷின்தான் முடுக்கும். மெஷினுக்குக் கை நடுங்காது. இதோட தலையில பாருங்க, வழுக்கின கீறல், மூணு. புதுக் கீறல்." நிமிர்ந்தார். "இது கம்பெனி தப்பு இல்ல. இது மாப்ள தப்பு."

பொய் சொல்ல வாய் வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறு என்ன செய்வான்?

"ஆமா மாமா. நாந்தான். வர்ற வழியில."

"எதுக்கு?"

"உங்களுக்கு ஒரு தப்பாவது கெடைக்கட்டும்னு."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், மேலே ஏறிப் போகப் போகிறார், ஏழு பெட்டியையும் மறுபடி மூன்று மாடி சுமக்க வேண்டியதுதான், வீட்டில் அவளிடம் என்ன சொல்வது என்று டைல்ஸ்காரன் கலங்கி நின்றான். ஊன்றுகோல் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கவே பயமாக இருந்தது.

"வேற தப்பு எதுவும் இல்லையா மாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்ல." அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து பல் பிடுங்குகிற மாதிரி வந்தது. "கதவு நல்லா உக்காருது. பெயின்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு பாத்ரூம்ல கெடந்தேன் பாருங்க. மொதல் ஒரு மணி நேரம் கத்தினேன். அப்புறம் குரல் போயிடுச்சு. குழாய மட்டும் காலால எட்டித் திறந்து விட்டேன், தண்ணி சத்தமாவது கேக்கட்டும்னு. என்னைத் தூக்கிட்டுப் போன ஆம்புலன்ஸ் எந்தக் கம்பெனின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது மாப்ள. பாக்கவே இல்ல. வண்டி வந்துடுச்சுங்கறது மட்டுந்தான் தெரிஞ்சுது. வாழ்க்கையில நான் பாக்காம ஏறின வண்டி அது ஒண்ணுதான்."

டைல்ஸ்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயை அவர்தான் திறந்தார் என்பதை இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ரொம்ப பயந்துட்டேன்" என்றார் மாமனார். "மூணாவது மாடி இனிமே வேண்டாம்."

எழுந்தார். கையை நீட்டி ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல அந்தத் திருக முடுக்குங்க. நடு ரோட்டுல விளக்கு விழுந்து வெச்சா பின்னாடி வர்றவன் நம்ம மேல ஏத்துவான். கொண்டாங்க, நீங்க முடுக்கினா இன்னும் நாலு கீறல் விழும். நானே பண்றேன்."

அவரே முடுக்கினார். வட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பெட்டிகள் ஏறின. முன்சீட்டுப் படி கொஞ்சம் உயரம், முட்டி மடங்கவில்லை. டைல்ஸ்காரன் இடுப்பைத் தாங்கித் தூக்கிவிட்டான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, டேஷ்போர்டை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். பழக்க தோஷம்.

டைல்ஸ்காரனின் போன் அடித்தது. மனைவி. "என்னங்க ஆச்சு? அப்பா பாத்தாரா? என்ன சொன்னார்?" என்று மூச்சு விடாமல் கேட்டாள். போனை மாமனார் காதில் வைத்தான்.

"ஏறிட்டேம்மா" என்றார் அவர்.