கவிராயருக்கு வந்த முகம்

கரமனை ஆற்றங்கரையில் சிவதாணுக் கவிராயருக்குச் சிலை வைப்பதென்று முடிவான பிறகுதான், அவர் முகம் எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது என்ற விஷயம் தெரியவந்தது. அவருடைய பாட்டுகளை ஆற்றங்கரைத் தெருவே மனப்பாடமாகச் சொல்லும். ஆனால் இருந்த ஒரே புகைப்படத்தில், சரியாகப் படம் எடுத்த நொடியில் கவிராயர் தும்மியிருந்தார். மேல்துண்டு முகத்தை முழுக்க மூடியிருந்தது.

விழாக் குழுத் தலைவர் பூதலிங்கம், சாலை பஜாரில் பாத்திரக்கடை நடத்தி, அதை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரையில் சுனில் என்ற சிற்பியிடம் போனார். சுனில் படத்தைத் தலைகீழாகவும் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதில் முகம் இல்லல்லோ. துண்டுக்கா சிலை?"

உடம்புக்கு யாராவது மாதிரியாக உட்கார்ந்தால் போதும், முகத்தைக் கற்பனையில் செய்துகொள்கிறேன் என்றான். வேறு ஆள் தேட வேண்டாமென்று பூதலிங்கமே உட்கார்ந்தார். அவருக்குச் சால்வை போர்த்தி, கையில் எழுத்தாணியைக் கொடுத்து, வானத்தைப் பார்க்கச் சொன்னான்.

திறப்பு விழாவில் வார்டு கவுன்சிலர் திரையை இழுத்தார். செண்டைமேளம் முழங்கி ஓய்ந்தது. பீடத்தின் மேல் பூதலிங்கம் உட்கார்ந்திருந்தார், மூக்கோரத்து மரு உட்பட.

முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி பகவதியம்மாள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"இது எங்க வீட்டாளுல்லா."

பக்கத்தில் இருந்த மைக் அதை ஆற்றுக்கு அக்கரை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

சுனிலைக் கேட்டதற்கு, எவ்வளவோ கற்பனை செய்து பார்த்தேன், அண்ணாச்சி முகமே வந்து நின்றது என்றான். குழுவில் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பூதலிங்கமும் வைத்துக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் அவருக்குக் குளுகுளுவென்றிருந்தது. மறுநாளிலிருந்து மீன் வாங்கப் போகும்போதும் சால்வை போர்த்திக்கொண்டு போனார். கல்லூரிப் பெண்கள் அவரையும் சிலையையும் சேர்த்து செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தி கவிதை கேட்டாள். பாத்திரங்களைப் பற்றி ஒன்று சொன்னார். அவள் இரண்டாவது கேட்கவில்லை.

பகவதியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. நேராகக் குழுக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

"உயிரோட இருக்க மனுஷனுக்கு தெனமும் மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்துதீங்க. நான் நெத்தியில குங்குமத்த வச்சுக்கிட்டு அந்த வழியா எப்படிப் போவேன்?"

சிலைக்குத் தாடி வைத்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். சுனில் வந்து, நெஞ்சு வரை நல்ல கனமான சிமெண்டுத் தாடியாக வைத்துக் கொடுத்தான்.

தாடி காய்ந்துகொண்டிருந்தபோது நாகர்கோவிலிலிருந்து கவிராயரின் பேத்தி கிருஷ்ணவேணி வந்து சேர்ந்தாள். வயது முதிர்ந்தவள், சிறுமியாகத் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து ஊர் சுற்றியவள். முகம் தெரிந்த ஒருத்தி உயிரோடு இருப்பது குழுவுக்கு அன்றுதான் தெரியும். குட்டு உடைந்தது என்று பூதலிங்கம் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கிருஷ்ணவேணி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"தாத்தா தாடி வச்சதே கெடையாது. அத மட்டும் எடுத்துருங்க. மத்தபடி அப்படியே எங்க தாத்தாதான். அந்த மரு கூட."

தாடியை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் பூதலிங்கம் சவரப் பெட்டியைத் தேடினார். அது பகவதியம்மாளின் பீரோவுக்குள் பூட்டியிருந்தது.

"செலைக்குத் தாடி ஆகாதுன்னா உங்களுக்கு ஆகட்டும்" என்றாள்.

அரிக்கும் என்றார், வெயில் காலம் என்றார். எதுவும் எடுபடவில்லை. தாடி வளர வளர அவரை அடையாளம் கண்டுகொள்பவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் சிலைக்குப் பக்கத்தில் சால்வையோடு போய் நின்றார். செல்ஃபி எடுக்க வந்த பெண், "அங்கிள், ஒந்நு மாறி நில்க்காமோ?" என்று மலையாளத்தில் அவரை ஓரமாக நகரச் சொன்னாள். அன்றோடு சால்வையை மடித்து வைத்துவிட்டார்.

மாலையும் ஊதுபத்தியும் இப்போது பகவதியம்மாளை உறுத்தவில்லை. ஒரு சாயங்காலம், காய்கறி வாங்கப் போனவளைக் காணோமே என்று பூதலிங்கம் தேடிப் போனார். அவள் பீடத்தின் படியில் உட்கார்ந்து, மருமகள் வைக்கும் சாம்பாரைப் பற்றியும், வீட்டுக்காரர் விடும் குறட்டையைப் பற்றியும் சிலையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். தன் முன்னால் அவள் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும், என்னிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் ஏன் சொல்கிறாய் என்று கொஞ்சம் பொறாமையோடு கேட்டார்.

"அவரு எடையில பூந்து பேசமாட்டாரு" என்றாள் பகவதியம்மாள்.

அது பூதலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் எழுந்ததிலிருந்து வாயே திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் ஏதாவது சொல்வாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் காப்பி வரும்வரைதான் அவள் பொறுத்தாள். அப்புறம் கடைக்கு போன் செய்து, அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, உடனே கிளம்பி வா என்று மகனிடம் சொன்னாள்.