வயிற்றுப் பட்டை

என் மனைவி இறந்த பதினேழாம் நாள் காலையில் அவளுடைய குதிரைக்குக் கம்பளி போர்த்தினேன். ஒன்பது மாதச் சினை. கொட்டகை திறந்தே கிடந்தாலும் வெட்டவெளியில்தான் நிற்கும். எஜமானியைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்காத ஜென்மம். கம்பளியின் வயிற்றுப் பட்டை எட்டவில்லை, கயிறு வைத்து முடிந்தேன். தொட்டியில் உறைந்திருந்த தண்ணீரை உடைத்து வெந்நீர் ஊற்றினேன். எதையும் நினைக்கவில்லை. நினைக்க வரவில்லை.

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் அக்கா வந்ததும் வராததுமாகக் கத்தினாள்.

“எந்த மடையன்டா இதைப் போட்டது?”

“குளிருதே.”

“யாருக்கு? அதோட முடி சிலுத்துக்கிட்டு நின்னாதான் சூடு உள்ளயே தங்கும். நீ அதைப் போய் அமுக்கி வச்சிருக்க. காத்துக்கு ஒரு மறைப்பு, வயிறு நிறைய காய்ஞ்ச புல்லு, அது போதும்.”

கம்பளிக்குள் கையை விட்டுக் குதிரையின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். “வேர்த்துக் கிடக்கு, பாவம்.”

கயிற்றை அவிழ்த்துக் கம்பளியை உருவினாள். குதிரை ஒரு உதறு உதறிவிட்டுப் புல்லைத் தேடிப் போனது.

அக்கா கையில் கம்பளியோடு என்னையே பார்த்தாள். பிறகு அதே கையை என் சட்டைக் காலருக்குள் விட்டுப் பிடரியைத் தொட்டாள். நான் வெறும் சட்டையோடு நிற்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் திட்டவில்லை. கம்பளியை என்மேல் போர்த்தி, அதே கயிற்றால் கட்டினாள். இரண்டு சுற்று வந்தது.

“கடைசியா எப்படா சாப்ட்ட?”

யோசித்துப் பார்த்தேன். குதிரைக்குப் புல் வைத்த நேரங்கள்தான் ஞாபகம் வந்தன.