நாலு கட்டை வர்ணிப்பு

காமராஜுக்குக் காதில் மாட்டுகிற சாமான் எதுவும் பழக்கமில்லை. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்குகிறவர். தலையில் சும்மாடு, தோளில் துண்டு, அதற்குமேல் உடம்பில் எதுவும் வைத்துக்கொண்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் பங்குனி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராஜாராமின் செல்போன் கடையில் நின்று, காதுக்குள் போகிற மானிட்டர் வேண்டும் என்று கேட்டார்.

மூட்டை இல்லாத நாளில் அவர் இளையபெருமாள் பம்பை செட்டில் பாட்டுக்காரர். கோயில் திருவிழாவில் ஏரிக்கரையில் கரகம் ஜோடிக்கும்போது அம்மனை அழைத்து வர்ணிப்பு பாட வேண்டும். பாட்டு ஏற ஏற, கரகம் தூக்கப்போகிறவர் மேல் சாமி வரும். வந்தால்தான் கரகம் கிளம்பும். போன மாதம் ஓர் ஊரில் ஒன்றரை மணி நேரம் பாடியும் வரவில்லை. கரகக்காரர் வேர்த்து நின்றார். ஜனம் வரப்பில் உட்கார்ந்து போன் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பம்பை அடிக்கிற தனகோட்டி நடுவில் புகுந்து இரண்டு அடி எடுத்துப் பாடினான். உடனே வந்துவிட்டது.

திரும்பும்போது வேனில் இளையபெருமாள் மெதுவாகத்தான் சொன்னார். "பாட்டு ஏறல காமராஜு."

"எங்கணா ஏறும்? பக்கத்துல பசங்க எட்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வெச்சி வுட்டாங்க. என் தொண்டை எனக்கே கேக்கல."

"தனகோட்டிக்கு மட்டும் கேட்டுச்சா?"

காமராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தளவானூர்ல ஒருவாட்டி பாப்போம். அங்கியும் இப்படின்னா அவன் பாடட்டும். நீ சிலம்பு புடி" என்றார் இளையபெருமாள்.

பதினாறு வருடம் முன்னால் நின்று பாடியவர். சுற்றுவட்டத்தில் அஞ்சு கட்டை காமராஜ் என்றால்தான் தெரியும். அவ்வளவு உச்சத்தில் சுருதி வைத்துப் பாடுகிறவர் இந்தப் பக்கத்தில் வேறு கிடையாது. அவர் போய்ப் பின்வரிசையில் நின்று சிலம்பு குலுக்குவதாவது.

மைக்செட் சிவசங்கர்தான் வழி சொன்னான். "மிக்சர்லேந்து ஒரு ஒயர் இழுத்து, உன் குரலையும் சுருதியையும் மட்டும் உன் காதுக்குக் குடுத்துர்றேன். பாக்ஸ் எவ்ளோ கத்தினாலும் உனக்கு உன் குரல் கேக்கும். நல்ல பீஸா நீயே வாங்கினு வா. ஐநூறு ரூபாய்க்கி வாங்காத, பத்தாயிரத்துக்கும் போவாத."

ராஜாராம் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தான். ஒன்று கறுப்பு உலோகம், கையில் கனமாக இருந்தது. இன்னொன்று கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கிற செப்புக் கம்பியெல்லாம் தெரிந்தது. விலையில் இருநூறு ரூபாய்தான் வித்தியாசம்.

காமராஜ் கறுப்பை எடுத்துக் காதில் வைத்தார். "ஒண்ணும் கேக்கலியே."

"அது கம்மல் இல்லணா, தொங்கவுடறதுக்கு. ஒயர காதுக்குப் பின்னால சுத்தி, உள்ள அழுத்தித் திருப்பு. மொதல்ல காதத் தொடச்சிக்கோ. ஒரு வயல் மண்ணு இருக்குது."

துண்டால் துடைத்துக்கொண்டு அழுத்தினார். பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்குக் கூவிக்கொண்டிருந்த கண்டக்டர் வாயை மட்டும் திறந்து மூடினார். சத்தம் போன இடம் தெரியவில்லை. ராஜாராம் ஒரு பாட்டைப் போட்டதும் அடிவயிற்றில் தொம்மென்று இறங்கியது.

"யப்பா" என்றார் காமராஜ். "பாக்ஸே உள்ள வந்துட்ட மாதிரி இருக்குது."

"பேஸ் தூக்கலா இருக்கும். எல்லாம் இதத்தான் கேட்டு வாங்கினு போறாங்க. இது வேற மாதிரி. கொஞ்சம் மெலிசு, ஆனா குரல் தனியா தெரியும்."

கண்ணாடிப் பீசில் அதே பாட்டு, ஒல்லியாக, சாப்பிடாத ஆள் பாடுவதுபோல் இருந்தது. கறுப்புதான் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் இரண்டாயிரத்துச் சொச்சம் விலை. கறுப்புதான் என்று அவர் வாய் சொல்ல மாட்டேன் என்றது.

"ரெண்டையும் எடுத்துனு போணா. நாளைக்கி சாயங்காலம் ஒண்ணக் குடுத்துரு. ரப்பரு மட்டும் பத்திரம்" என்றான் ராஜாராம். ஏழெட்டு வருடமாக டீக்கடையில் பார்த்த பழக்கம்.

அன்றைக்குக் கமிட்டியில் மல்லாட்டை வரத்து அதிகம். வேர்க்கடலை என்று சீட்டில் எழுதினாலும் இந்தப் பக்கத்தில் வாயில் வருவது மல்லாட்டைதான். களத்தில் வரிசை வரிசையாகக் குவியல் போட்டிருந்தது. வியாபாரிகள் குனிந்து ஒரு கை அள்ளுவார்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவார்கள். நன்றாகக் காய்ந்ததென்றால் பருப்பு தோட்டுக்குள் கலகலவென்று ஆடும். காயாதது ஊமையாக இருக்கும். அரைக்காய்ச்சல்தான் ஏமாற்றும், ஆடுவதுபோலவும் இருக்கும், ஆடாததுபோலவும் இருக்கும். இத்தனை வருடத்தில் மூட்டையைத் தோளில் போடும்போதே காமராஜ் சொல்லிவிடுவார், காய்ந்ததா இல்லையா என்று.

மத்தியான இடைவேளையில் குவியலிலிருந்து மூன்று கடலையைப் பொறுக்கினார். காய்ந்தது ஒன்று, அரைக்காய்ச்சல் ஒன்று, பச்சை ஒன்று. போனைப் பதிவில் வைத்து ஒவ்வொன்றாகக் குலுக்கினார்.

கூட மூட்டை தூக்குகிற பச்சைமுத்து சோற்றுக் கையோடு வந்து நின்றான். "இன்னாயா, மல்லாட்டைய போன்ல பேச வெக்கிற?"

"சும்மா இரு. இதப் போட்டுட்டுத் திரும்பி நிக்கிறேன். எத வேணா போடு. எதுன்னு நான் சொல்றேன்."

கறுப்பில் பச்சைமுத்து ஆறு முறை போட்டுக் காட்டினான். பச்சைக்கடலை மட்டும் தப்பாமல் தெரிந்தது. மற்ற இரண்டும் ஒன்றுபோலவே கொழுகொழுவென்று ஆடின. ஆறில் மூன்று தப்பு.

"உன்ன நம்பி ஏலம் வுட்டா விவசாயி ஜெயிச்சிருவான்" என்றான் பச்சைமுத்து.

கண்ணாடிப் பீசை மாட்டினார். அரைக்காய்ச்சல் கடலை தோட்டில் ஒட்டி ஒட்டி விடுபடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஆறுக்கு ஆறு.

"இத வாங்கி வியாபாரிங்களுக்குக் குடுக்காத. நம்ம ஊர் சம்சாரி பொழைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு பச்சைமுத்து கை கழுவப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் சிவசங்கர் அனுப்பியிருந்த பதிவைத் தேடி எடுத்தார். போன மாதம் அந்த ஊரில் பாடியது, மிக்சரிலேயே பதிந்தது. முதலில் கறுப்பில் கேட்டார். பம்பை நெஞ்சில் உதைத்தது. அவர் குரல் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ராஜா மாதிரி வந்தது. இவ்வளவு நன்றாகப் பாடியும் சாமி வரவில்லையே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

அதையே கண்ணாடியில் போட்டார்.

பம்பை பம்பையாக ஒதுங்கி நின்றது. சுருதிப் பெட்டி ஓரமாக ஒரு கோடு இழுத்ததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரல் அந்தக் கோட்டை ஒட்டியே நடந்து வந்து, அம்மனை எழுந்து வரச்சொல்லி உச்சத்துக்குப் போகிற இடத்தில், எட்டவில்லை. ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே விரற்கடை.

பாக்ஸ் சத்தம்தான் காரணம், கேட்காமல் பாடினால் இப்படித்தான் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் பாறையடிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை. கோட்டைக்கு வருகிற வண்டிகள்கூட இன்னும் வரவில்லை. இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, வேறு சத்தம் இல்லை. மனைவி சுந்தராம்பாளின் போனில் அஞ்சு கட்டை சுருதியை ஓடவிட்டு, தன் போனில் பதிவு வைத்து, வர்ணிப்பைப் பாடினார். பாடும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியை மாட்டிக் கேட்டார்.

எட்டு பாக்ஸும் இல்லை. பசங்களும் இல்லை. அந்த விரற்கடை இருந்தது.

சுந்தராம்பாள் போனைத் தேடிக்கொண்டு வந்தபோது அவர் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டையும் கேட்டுச் சொல்லு, எது நல்லாருக்குது" என்று அவள் காதில் மாட்டிவிட்டார். அவளுக்குக் கம்மல் இடித்தது. திட்டிக்கொண்டே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டாள். முதலில் கறுப்பு, அப்புறம் கண்ணாடி. முழுப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டாள்.

"கறுப்புல நீ நல்லா பாடற" என்றாள்.

"இதுல?"

"இதுல நீ பாடற மாதிரி பாடற."

காமராஜ் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருசமா தெரியும். மேல போற எடத்துல இழுக்குது."

"சொல்றதுக்கு இன்னாம்மே?"

"மூட்டை தூக்கிட்டு வந்து முதுகக் காட்டிப் படுத்துக்குவ. எண்ணெ தேச்சி வுடறப்ப, ஏய்யா உன் பாட்டு எட்டலன்னு சொல்லணுமா? அதுக்கு ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"ஊர்லயும் யாரும் சொல்லல."

"இளையபெருமாள் மாமா சொன்னாருல்ல. நீதான் பாக்ஸுன்ன."

அவள் தன் போனை எடுத்துக்கொண்டு இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். சுருதி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அவரிடமே நீட்டினாள். காமராஜ் வாங்கி, நிறுத்தவில்லை. அஞ்சு என்று இருந்ததை நாலு ஆக்கினார்.

"இது யாரு பாடற சுருதி?" என்றாள்.

"எல்லாரும் பாடறது" என்றார். அதைச் சொல்லும்போது வாய் கசந்தது. ஆனாலும் பாடினார். பதிந்தார். கேட்டார். உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் கோட்டின் மேல் கால் வைத்து, நின்று, இன்னும் கொஞ்சம் நிற்கவும் தெம்பு இருப்பதுபோல நின்றது. சுந்தராம்பாள் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

சாயங்காலம் கறுப்பு டப்பாவை ராஜாராமிடம் கொடுத்தார்.

"எல்லாம் இதத்தான் எடுப்பாங்க. நீ ஏணா வேணாம்ன்ற?"

"அதுல நான் ரொம்ப நல்லா பாடறேன்."

"அதான வேணும்?"

"ஊட்ல படுத்துனு கேக்கறதுக்குன்னா அதான் எடுப்பேன். மனசுக்கு இதமா இருக்குது. எனக்குப் பாடறப்ப வேணும்."

ராஜாராம் புரிந்ததுபோலத் தலையாட்டி, ரப்பரை மூக்குக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, டப்பாவை மூடினான்.

பாட்டு ஒத்திகை புதன்கிழமை மத்தியானம், இளையபெருமாள் வீட்டு வேப்பமரத்தடியில். காமராஜ் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

"அண்ணே, சுருதிய நாலு கட்டைக்கு எறக்குங்க."

இளையபெருமாள் வெற்றிலையை மடித்தபடியே நிமிர்ந்தார். "நாலா? அஞ்சு கட்டைன்னுதானய்யா ஊர்க்காரன் தாம்பூலம் வெச்சிக் கூப்புடறான்."

"எனக்கு அஞ்சு எட்டல. பாக்ஸு மேல பழி போட்டேன். பாக்ஸு இல்ல. தனியா பாடிக் கேட்டுட்டேன். மேல போற எடத்துல நிக்க மாட்டேங்குது."

தனகோட்டி பம்பையின் தோலை விரலால் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு இது லாபம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் பாட்டு அவன் கைக்கு வரும்.

"நாலுன்னா பம்பைய எறக்கிக் கட்டணும்" என்றான் தனகோட்டி. "அரை மணி நேரம் ஆவும். கட்டிர்றேன்."

"உனக்கு இன்னாடா நெனப்பு?" என்று கேட்டார் இளையபெருமாள்.

"நான் அன்னிக்கி ரெண்டு அடி பாடினேன். மூணாவது அடி பாடியிருந்தா எனக்கும் தொண்டை கிழிஞ்சிருக்கும்ணா. அதான் ரெண்டோட நிறுத்தினேன். இவரு வர்ணிப்பு முழுசும் பாடறாரு."

இளையபெருமாள் வெற்றிலையை வாயில் வைத்து மென்று முடிக்கிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது. "நாலு கட்டையில கூப்புட்டா அம்மா வருவாளா?"

"அவ கட்டை பாத்தா வர்றா?" என்றார் காமராஜ். "கூப்புடறது அவளுக்குக் கேக்கணும். அவ்ளோதான்."

"சரி. தளவானூர் பாப்போம். பேச்சு பேச்சுதான். ஏறலன்னா சிலம்பு."

"ஏறலன்னா நானே எடுத்துக்கறேன்."

தளவானூர் ஏரிக்கரையில் சாயங்காலம் நாலரை மணிக்குக் கரகம் ஜோடிக்க ஆரம்பித்தார்கள். பசங்கள் இந்தமுறை பத்து பாக்ஸ் வைத்திருந்தார்கள். சிவசங்கர் மிக்சரிலிருந்து ஒயரை இழுத்து வந்து, காமராஜின் சட்டைக்குள் விட்டு, கழுத்துக்குப் பின்னால் எடுத்து, கண்ணாடிப் பீசை இரண்டு காதிலும் திருப்பி அழுத்தினான். பாக்ஸ் எங்கேயோ அடுத்த ஊருக்குப் போய்விட்டது. சுருதி மட்டும் வந்தது. காமராஜ் கண்ணை மூடினார்.

முதல் சுற்றில் குரல் தயங்கியது. கேட்காமல் பாடிப் பழகியவருக்குத் தன் குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டதே கூச்சமாக இருந்தது, யாரோ உள்ளே உட்கார்ந்து கவனிப்பதுபோல. இரண்டாவது சுற்றில் கூச்சம் போனது. எங்கே மூச்சு எடுக்கிறோம், எங்கே சும்மா கத்துகிறோம் எல்லாம் தெரிந்தது. கத்துகிற இடத்தில் கத்தாமல் விட்டார். உச்சத்துக்குப் போகிற அடி வந்தது. மாரியம்மாவின் பேரைச் சொல்லி மேலே போனார். குரல் போய் நின்றது. சுருதியும் அவரும் ஒரே கோடாக இருந்தார்கள். இறங்க மனசில்லாமல் அடுத்த அடிக்கும் போனார், அதற்கடுத்ததற்கும். வேம்பையும் சூலத்தையும் பாடி, சிலம்பைப் பாடி, அவள் நடந்து வருகிற வழியைப் பாடினார்.

யாரோ தோளைத் தட்டினார்கள். பாட்டு நிற்கக்கூடாது என்று தலையை ஆட்டிவிட்டுப் பாடினார். மறுபடி தட்டினார்கள். அப்புறம் வலது காதிலிருந்து பிடுங்கியதும் பத்து பாக்ஸும் குலவைச் சத்தமும் மொத்தமாக உள்ளே கொட்டின.

இளையபெருமாள் கையில் ஒயரோடு நின்றார். "யோவ், அவ வந்து அஞ்சு நிமிசம் ஆவுது. கரகம் கெளம்பிடுச்சி. இன்னும் யாரயா கூப்டுனு இருக்க?"

கண்ணைத் திறந்து பார்த்தார். கூட்டம் கரையின் வளைவு வரை போயிருந்தது. மஞ்சள் துணியும் பூவும் தலைகளுக்கு மேலே ஆடின. தனகோட்டி நடந்துகொண்டே அடித்தபடி, திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தான். பாட்டுக்காரர் கரகத்துக்கு முன்னால் போகவேண்டும்.

காமராஜ் இன்னொரு காதிலிருந்தும் கழற்றி சிவசங்கர் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.