இரண்டு கதவு தள்ளி

ஜோசப் எனக்குத் தர வேண்டிய கூலி பாக்கி ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். கானா நாட்டுக்காரர், திருப்பூரில் மிச்ச பனியன் வாங்கி ஊருக்கு அனுப்புகிறவர். நான் அவருக்கு மூட்டை கட்டுகிறவன்.

போன மழையில் அவர் அறை ஒழுகியது. வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் அதே லைன் வீட்டில் இரண்டு கதவு தள்ளி மாற்றிவிட்டார். ஒரே காம்பவுண்டு, ஒரே குழாய். முகவரி மாறியதாக யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா சாகக் கிடக்கிறார் என்று ஜோசப் ஊருக்குக் கிளம்பியபோது, வெளியேறும் அனுமதி வாங்கப் போன வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பிடித்துக்கொண்டார்கள். கதவு எண் மாறியதை வெளிநாட்டுக்காரர் தெரிவித்திருக்க வேண்டுமாம். வீட்டுக்காரர் கையெழுத்து வரும்வரை போக முடியாதாம்.

“கையெழுத்துப் போட்டா போலீசு என்ற ஊட்டுக்கு வரும். அவன் போயிட்டா உன்ற காசு வந்துருமாக்கும்?” என்றார் செல்லாத்தாள்.

“காசு கெடக்குதுங்க. பெத்தவ மூஞ்சியப் பாக்கட்டுமுங்க.”

தினமும் வேலை முடிந்து போய்க் கேட்டேன். அமாவாசை கழியட்டும், மகன் வரட்டும் என்றார். மகன் வந்து, ஏன் இழுத்தடிக்கிறாய் என்று அவரைச் சத்தம் போட்ட பிறகே கையெழுத்துப் போட்டார்.

அனுமதி வந்த அன்று, அம்மாவை அடக்கம் செய்த படம் ஜோசப்பின் போனில் வந்தது.

“இனி யாரப் பாக்கப் போறதுங்க?” என்றார், எங்கள் பேச்சிலேயே. டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து என் பாக்கியை முழுசாகக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.