கிளிக்குக் கேட்காத குரல்

“இரைச்சல்னு போட்டிருக்கு, பாரு. நான் வாயத் திறந்த எடத்துல எல்லாம் இரைச்சல்.”

அண்ணன் தன் போனைத் தங்கையின் மேசைமேல் வைத்தான். கழுத்தில் ஒரு சின்னக் கருவியை அழுத்திப் பிடித்துத்தான் அவனால் இப்போது பேச முடியும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ மெஷினில் சவரம் செய்வது போல ஒரு குரல்.

“கிளிக்கு இன்னும் பழகல அண்ணா.”

“எப்பதான் பழகும்? நேத்து வேலைக்கு வந்த பொண்ணு தும்முனதக்கூட எழுதியிருக்கு. அவ என்ன, நல்ல ராகத்துல தும்முனாளா?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அது சரக்கு அனுப்பும் நிறுவனம். எந்த லாரி எந்தச் சாலையில் போவது என்பதை முடிவு செய்வது அண்ணன் வேலை. கிளியை மேய்ப்பது தங்கை வேலை. கூட்டங்களில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார், யார் என்ன செய்ய வேண்டும் என்று தானே எழுதிக்கொள்ளும் செயலிக்கு ஆபீசில் வைத்த பெயர்தான் கிளி. அதை எந்தக் கூட்டத்தில் விடுவது, எதிலிருந்து விரட்டுவது, எழுதியதை யாருக்கு அனுப்புவது, எல்லாம் அவள் பொறுப்பு.

கிளி வந்த புதிதில் ஒரு கூட்டத்தின் நடுவே அண்ணன், “ஏ குண்டூசி, அந்தக் கதவச் சாத்து” என்றான். ஒல்லியான உடம்புக்கும் குத்தலான நாக்குக்கும் சேர்த்துச் சின்ன வயதிலேயே அவளுக்கு அவன் வைத்த பெயர் அது. கிளி பொறுப்பாக எழுதியது: ‘கதவைச் சாத்துதல். பொறுப்பு: குண்டூசி.’ அன்று மாலைக்குள் அவள் மேசையில் ஒரு டப்பா குண்டூசி வந்து உட்கார்ந்துவிட்டது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கூட்டக் குறிப்பை வாசித்து அதிகமாகச் சிரித்தது அண்ணன்தான். அவன் சிரித்தால் கீழே லாரிக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவனின் பேச்சை ஃபேன் சத்தம் என்று நினைத்துக் கிளி ஒதுக்கித் தள்ளியது. ஒவ்வொருவரும் ஒரு வரியை வாசித்துக் குரலைப் பதிந்து வைத்தால்தான் கிளிக்கு ஆள் அடையாளம் தெரியும். அண்ணனின் புதுக் குரலைப் பதிந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு குரல்தான் கிளி வைத்துக்கொள்ளும். புதியது ஏறினால் பழையது போய்விடும். பழைய பதிவில், கொடுத்த வரியை வாசித்து முடித்த கையோடு அண்ணன் கேட்டிருந்தான்: “போதுமா குண்டூசி? இதுக்குத் தனியா சம்பளம் உண்டா?” அதற்குப் பின்னால் அந்தச் சிரிப்பு. மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்பாள். ‘கம்பெனிக்காரங்க சரி பண்ணித் தரணும்’ என்று அண்ணனிடம் சாக்குச் சொல்லியே நாளைக் கடத்தினாள்.

“மேனேஜர் கூப்பிட்டாரு” என்றான் அண்ணன். “காலைக் கூட்டத்துக்கு அவர் என்னிக்கு வந்தாரு? கிளி எழுதுறததான படிக்கிறாரு. ‘கூட்டத்துல ஒரு வார்த்தையும் பேசறதில்லையே, குடோன்ல உக்காந்தீங்கன்னா உங்களுக்கும் சிரமம் இருக்காது’ன்னு சொல்றாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. தோளைத் தட்டிக் குடுத்தாரு.”

அவள் பொத்திப் பொத்தி வைத்தது அண்ணனையே மூலையில் தள்ளிவிட்டது.

“அண்ணா... கம்பெனிக்காரங்க இல்ல. நான்தான்.”

சொல்லி முடித்தாள். அவன் திட்டுவதற்காகக் கருவியைக் கழுத்துக்குத் தூக்கினான், திட்டவில்லை.

“போடு, கேப்போம்.”

போட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி, யாரோ அசலூர்க்காரன் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டான். சிரிப்பு வந்த இடத்தில் மட்டும் இடது கை தானாகப் போய்த் தொண்டையைத் தடவியது. அவள் சத்தமில்லாமல் அதைப் பதிந்துகொள்ளத் தன் போனை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்துவதைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

“செத்தவனுக்குப் பண்ற மாதிரி பண்ணாத. இருக்கேன்ல? அழி.”

‘பழைய குரல் நீக்கப்படும். மீட்க முடியாது. சம்மதமா?’ என்று திரை கேட்டது. ஜென்மத்தில் அவள் அண்ணன் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டவள் அல்ல. அன்று கேட்டாள்.

அவன் கருவியை அழுத்தி அதே வரியை வாசித்தான். முடிவில் நிறுத்தி, “போதுமா குண்டூசி?” என்றான். கிளி ஒரு எழுத்து பிசகாமல் எழுதியது. அவள் திரையைத் துடைப்பது போலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிற்பகல் கூட்டத்தில் அவன் பேசினான். பாலத்து வேலையால் வண்டிகளைச் சுற்றுப்பாதையில் விட வேண்டும், தேய்ந்த டயரோடு எந்த வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது. அத்தனையும் அவன் பெயருக்கு நேராகத் திரையில் ஏறியது. குறிப்புப் போன கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: குடோன் பேச்சை விட்டுவிடலாம்.

எல்லாரும் எழுந்து போனார்கள். அவள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கருவியைக் கழுத்தில் வைத்தான், எடுத்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

“குண்டூசி... நீ எப்படியும் ஒரு காப்பி எடுத்து ஒளிச்சு வச்சிருப்ப. உன்னத் தெரியாதா எனக்கு? அந்தச் சிரிப்ப மட்டும் இன்னொரு தடவ போடேன்.”