ரெய்னர்ஸ் லேனில் கெட்டிமேளம்

பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். மணி பத்தாகிவிட்டது. பர்மிங்காமிலிருந்து வர வேண்டிய நாகஸ்வரக் கோஷ்டி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு மணி நேரம் சார்" என்று போனில் சொன்னது. பெண்ணின் அப்பாவான நான் வேட்டியைப் பிடித்தபடி ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் கடிகாரம் கண்ணில் பட்டது.

ஸ்காட்லாந்து மாப்பிள்ளை யூவனை ஏற்றுக்கொள்ள என் மனைவி வத்சலாவுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "மேளம் ஆளுங்க வாசிக்கணும். செல்போன்ல போட்டீங்கன்னா மேடைய விட்டு எறங்கிடுவேன்." செய்யக்கூடியவள்தான்.

மாப்பிள்ளை வீட்டார் சாயங்கால நடனத்துக்கு வாத்தியங்கள் கொண்டுவந்திருந்தார்கள். பின்னறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் யூவனின் சித்தப்பா ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். ஃபிடில் நம்ம வயலின்தான், ஆனால் ரயிலைப் பிடிக்க ஓடுகிற வயலின். அக்கார்டியன் துள்ளிக் குதித்தது. தாலி கட்டும் நேரத்தில் சபையே ஆட ஆரம்பித்துவிடும். யாழ் மாதிரி ஒன்றை ஒரு பெண் மீட்டினாள். குழந்தை தூங்கும், ஒரு தும்மலைக்கூட மறைக்காது. அபசகுனமாக எதுவும் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளம்! எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

கடைசியில் சித்தப்பாவே குழல்கள் செருகிய ஒரு தோல் பையைக் கக்கத்தில் இடுக்கி ஊதினார். பை உப்பியது. முதலில் ஒரே சுருதி எழுந்து நின்றது. அட, ஒத்து! நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் சுருதி பிடிக்கும் அதே ஒத்து! அதன்மேல் குழல் பாடியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவரையும் ஒரு டிரம்காரரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், 'கெட்டிமேளம்' என்று கேட்டதும் முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி மேடைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினேன்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசிப்பு தொடங்கியது. வத்சலாவின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாங்களா?"

"ஆமா," என்றேன். முப்பது வருஷத்தில் அவளிடம் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். தட்டு மேடைக்குத் திரும்பிவிட்டது. யூவன் கையில் தாலி. சாஸ்திரிகள் என்னைப் பார்த்தார். மணி பத்து இருபத்தெட்டு.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "எந்த நாகஸ்வரக்காரரும் நடுவுல எங்கயாவது மூச்சு வாங்குவார். இவர் வாங்கவே இல்லையே."

மாட்டிக்கொண்டேன். "வத்சு, அது வந்து..."

"ஆளுங்கதானே வாசிக்கறாங்க?"

"மாப்பிள்ளையோட சித்தப்பா."

அவள் திரையைப் பார்த்தாள். தலை குனிந்து உட்கார்ந்திருந்த மகள் ஹம்சினியைப் பார்த்தாள். இப்போது விரலை உயர்த்த வேண்டியது நான்தான். கை எழவில்லை.

வத்சலா தன் கையை உயர்த்திச் சுட்டுவிரலை வேகமாக ஆட்டினாள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"