சல்பியாவின் நாலு எட்டு

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த லாசிம் சட்டையைக்கூட மாற்றவில்லை. நேரே தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். எண்பத்தைந்தாம் வருடம் தங்கள் ஊரான மாராங்கின் மீன்சந்தையில் எடுத்த நாடகம் ஒன்றை இன்று மூன்று மணிக்கு இணையத்தில் ஒரே ஒரு தடவை காட்டுகிறார்கள். அதில் கூட்டத்தோடு கூட்டமாக அவர் மனைவி சல்பியா நடந்து வருவாள். நாலு எட்டு, அவ்வளவுதான்.

அவள் இறந்து மூன்று வருடம். புகைப்படம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, எல்லாவற்றிலும் அசையாமல் நிற்கிறாள். அவள் நடப்பதைப் பார்க்க இதை விட்டால் அவருக்கு வேறு வழியே கிடையாது.

நாடகம் முதலில் வந்தபோது ஊரே காப்பிக்கடையில் கூடியிருந்தது. "அதோ என் பொண்டாட்டி" என்று லாசிம் கத்திய கத்தலில் கடைக்காரர் தேநீரைக் கொட்டிவிட்டார். வெட்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சல்பியா அவர் தொடையில் கிள்ளினாள். லாசிமும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டார். திரையில் ஓடியதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே ஆள் இருக்கும்போது திரையை எவன் பார்ப்பான்?

மூன்று மணிக்கு நாடகம் தொடங்கியது. படகு ஒன்று கரையை நோக்கி வந்தது, பாதி வழியில் அப்படியே நின்றது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சாவகாசமாகச் சுற்றத் தொடங்கியது. படம் மறுபடி ஓடியபோது படகைக் காணோம், யாரோ இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் போனது போனதுதான். சண்டை முடிந்தால் சந்தை வந்துவிடும்.

பக்கத்து வீட்டிலிருந்து பொரித்த கெரோப்போக் மீன் அப்பளத் தட்டோடு ஹஸ்னா வந்தாள். சல்பியாவின் தங்கை; லாசிமை 'அபாங்', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். வாயும் நீளம், கையும் சுறுசுறுப்பு.

"அக்கா வந்துட்டாளா, அபாங்?"

"எங்க வர்றது? படமே நொண்டி அடிக்குது."

"போன்ல பாருங்களேன்."

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா? அதுல அவ எறும்பு மாதிரி தெரிவா."

ஹஸ்னா வைஃபை பெட்டியின் சுவிட்சைச் சுவரில் அணைத்துப் போட்டாள். இரண்டு நிமிடம் நன்றாக ஓடி, மறுபடி வட்டம் வந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மெதுவாக நடந்து பார்த்தாள். நடு அறையில் கண்ணாடி அலமாரியை ஒட்டி நின்றால் சிக்னல் முழுதாக இருந்தது. கூடத்துக்கு வந்ததும் ஒற்றைக் கோடாகச் சுருங்கியது.

அலமாரிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவள் தலையில் கை வைத்தாள்.

"ஏன் அபாங், ஏழு பித்தளைத் தாம்பாளத்துக்குப் பின்னாடி பெட்டியை ஒளிச்சு வெச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்?"

"நானா வெச்சேன்? உன் அக்கா வெச்சது. வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல கம்பி படக்கூடாதுன்னு சொல்லுவா."

"சரி, எடுத்துடறேன்."

"கை வைக்காத."

அந்தக் குரலில் ஹஸ்னா நின்றுவிட்டாள். தன் கடைசி நோன்புப் பெருநாளுக்கு உட்கார்ந்தபடியே துலக்கி, பெரியது அடியில் சிறியது மேலே என்று சல்பியா அடுக்கிய அடுக்கு அது. அதன்பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. மகள் வந்து தூசி தட்டுகிறேன் என்றபோதுகூட லாசிம் விடவில்லை. அவள் கை கடைசியாகப் பட்டது அப்படியே இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

கூடத்தில் சண்டைக்காரர்களின் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"உங்க இஷ்டம். ஒண்ணு தாம்பாளம் இருக்கும், இல்ல அக்கா நடந்து வருவா. ரெண்டும் நடக்காது," என்றாள் ஹஸ்னா.

லாசிம் எழுந்து வந்தார். கதவைத் தானே திறந்தார். தாம்பாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். கீறல் விழாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் செய்தித்தாள் மடித்து வைத்திருந்தாள். அதையும் கலைக்காமல் எடுத்து வைத்தார். ஹஸ்னா பெட்டியை வெளியே இழுத்து, கூடத்து வாசல்படியில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் உட்கார வைத்தாள்.

வட்டம் போய்விட்டது. சந்தை வந்தது.

மஞ்சள் முக்காடு, இடுப்பில் மீன்கூடை. சல்பியா இடப்பக்கமிருந்து விறுவிறுவென்று வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். பிறகு கூட்டம் அவளை மறைத்துவிட்டது.

கடைசி இரண்டு வருடம் பக்கவாதம் வந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தவள்தான் லாசிமின் மனதில் இருந்தாள். இவளை அவர் அடியோடு மறந்தே போயிருந்தார்.

"எவ்வளவு வேகமா நடக்கறா பார்த்தியா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அக்கா எப்பவுமே அப்படித்தான். அது சரி, யாரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கறா?"

"என்னைத்தான். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நான் பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன். எங்க போனாலும் முன்னாடி போயிடுவா. போயிட்டு, நான் வர்றேனான்னு நின்னு பார்ப்பா."